வெற்றியும் வெறியும்

மாமல்லபுரம்! அந்தப் பெயரிலேயே ஒரு மல்லன் நிற்கிறான். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டம் பூண்டான். பெரும் மற்போர் வீரன் என்பது அதன் பொருள். பட்டம் மன்னனோடு மறையவில்லை, ஊரோடு ஒட்டிக்கொண்டது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கல் செதுக்கும் உளியொலி அங்கே ஓயவில்லை. மல்லன் என்னும் பெயரும் மாயவில்லை.

அந்தக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டு வரை ஒரு மாலைப் பொழுதில் நடந்து பாருங்கள். மணலிலே கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவர். அறுவடை முடிந்த நிலத்திலே மட்டையும் பந்தும் பறக்கும். பள்ளித் திடலிலே கைப்பந்து வலை கட்டியிருக்கும். உழைத்துக் களைத்த உடல் ஆடிக் களிக்கும் காட்சி அது. உள்ளம் குளிரும்!

ஆனால், அடுத்த காட்சியையும் நாம் பார்த்திருக்கிறோம். பிடிபட்டவன் தோற்றதாக நடுவர் கைகாட்டுகிறார். அதன் பிறகும் பிடித்தவன் அவன் முதுகிலே முழங்காலை அழுத்துகிறான். எழுந்தவன் தள்ளுகிறான். தள்ளுண்டவன் ஒரு சொல்லை வீசுகிறான். தாயை இழுக்கும் சொல், அல்லது பிறந்த தெருவை இழுக்கும் சொல். அடுத்த நொடியில் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் கோட்டுக்குள்ளே வந்துவிடுகிறார்கள். ஆட்டம் முடிந்தது; அடிதடி தொடங்கிற்று! நேற்றுவரை ஒரே பேருந்தில் பள்ளிக்குச் சென்றவர்கள் நாளை முதல் முகம் பார்க்க மறுக்கிறார்கள்.

எந்தத் திடலில், எந்த ஆண்டில் என்று கேட்க வேண்டாம். இப்படியொரு காட்சியைக் காணாதவர் நம்மில் எவர்? கண்டபின் நாம் என்ன செய்தோம்? "இளரத்தம், அப்படித்தான் கொதிக்கும்" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினோம். அம்மை வந்தால் அம்மன் வந்தாள் என்று சொல்லிச் சும்மா இருந்த காலம் ஒன்று இருந்தது. காரணத்தைத் தேடினோம், அம்மை ஒழிந்தது. சினத்துக்கும் காரணத்தைத் தேட வேண்டாமா?

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். சொல் குழம்பினால் சிந்தனையும் குழம்பும். முனைப்பு வேறு, வெறி வேறு. பாடி வருபவரின் கணுக்காலை இறுகப் பற்றுவது முனைப்பு. பந்தை மின்னலென வீசுவது முனைப்பு. அதிலே வலிமை உண்டு, வேகம் உண்டு, சில வேளை வலியும் உண்டு. ஆனால், அவை ஆட்டத்தின் விதிக்குள் அடங்கியவை. எதிரிலிருப்பவருக்குத் தீங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணம் எப்போது நுழைகிறதோ, அப்போது முனைப்பு வெறியாகிறது. உளநூலார் இந்த வெறியையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, கணக்குப் போட்டுச் செய்வது: எதிரணியின் சிறந்த ஆட்டக்காரர் காலை முடமாக்கினால் கோப்பை நமக்கு என்பது. மற்றொன்று, கணக்கு மறந்து செய்வது: கோப்பை போனாலும் போகட்டும், அவன் பல் உடைய வேண்டும் என்பது. முன்னது அறம் கெட்ட அறிவு. பின்னது அறிவே கெட்ட நிலை.

உடலோடு உடல் மோதுவதால்தானே சினம் எழுகிறது என்பார் உண்டு. அவர்களை மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலுள்ள பூஞ்சேரிக்கு அழைத்துச் செல்வோம். 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் அங்கே நடைபெற்றது. பொதுப் பிரிவில் பற்பல அணிகள். மகளிர் பிரிவில் 162 அணிகள். ஒருவர் கை மற்றவர்மேல் படுவது, ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கைகுலுக்கும்போது மட்டும்தான்!

அங்கே இந்தியாவின் இரண்டாவது அணிக்கு முதல் பலகையில் ஆடியவர் சென்னைச் சிறுவர் குகேசு. வயது பதினாறு. முதல் எட்டு ஆட்டங்களிலும் எட்டு வெற்றி! பத்தாவது சுற்றில் உசுபெகித்தானின் அப்துசத்தோரோவ் எதிரே அமர்ந்தார். குகேசின் கை ஓங்கியிருந்தது. தங்கம் கண்ணெதிரே தெரிந்தது. சமன் செய்துகொள்ள வாய்ப்பிருந்தும் வெற்றியையே நாடினார், கடிகாரம் நெருக்கியது, ஒரு குதிரை கைநழுவியது, ஆட்டமும் கைநழுவியது. அணிகளுக்கு இடையிலான போட்டி இரண்டுக்கு இரண்டு எனச் சமனாயிற்று. தங்கத்தை உசுபெகித்தான் கொண்டு சென்றது. நம் அணிக்கு வெண்கலம்.

அந்தத் தோல்வி வெறியால் வந்தது என்று நாம் கூறவில்லை. முனைப்பு தன் எல்லையைச் சற்றே தாண்டியதால் வந்தது. நாம் சுட்ட விரும்புவது அடுத்த நாளை. பதினாறு வயதுப் பிள்ளை மறுநாள் காலையில் மீண்டும் பலகையின் முன் அமர்ந்தார். செருமானியருடன் ஆடிச் சமன் செய்தார். முதல் பலகைக்குரிய தனித் தங்கத்தையும் பெற்றார். இரண்டாண்டு கழித்து, 2024இல், புடாபெசுட்டு நகரில் இந்தியா பொதுப் பிரிவிலும் மகளிர் பிரிவிலும் தங்கம் வென்றது. அவ்வாண்டு திசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில், பதினெட்டு வயதில், குகேசு உலக வாகையர் ஆனார்.

இன்னொரு காட்சி, 2025 சூன் முதல் நாள், நார்வே நாட்டில். பல்லாண்டு உலகை ஆண்ட கார்ல்சன், வெல்லும் நிலையிலிருந்து சறுக்கிக் குகேசிடம் தோற்றார். தோற்ற நொடியில் மேசையை ஓங்கிக் குத்தினார். காய்கள் சிதறின. உலகமே அந்தக் குத்தைப் பார்த்தது. உடனே தம் செயலுக்கு வருந்தினார். வெளியேறும்போது வென்றவரின் முதுகில் தட்டிச் சென்றார். வென்றவரோ துள்ளவில்லை, எழுந்து சற்று விலகிச் சென்று தம்மை அமைதிப்படுத்திக்கொண்டார், திரும்பி வந்து காய்களை அடுக்கி வைத்தார். எவரும் எவரையும் தொடாத ஆட்டத்திலே ஒரு மேதையின் கை மேசையில் இறங்குகிறதென்றால், சினத்தின் ஊற்று மோதலில் இல்லை என்பது விளங்குகிறதன்றோ?

பின் எங்கே இருக்கிறது? 1939இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழக அறிஞர் சிலர் ஒரு விளக்கம் தந்தனர்: நாடிய குறிக்கோள் தடைபடும்போது தாக்கும் உந்துதல் பிறக்கிறது. கைக்கு வந்த வெற்றி நழுவினால் மேசை குத்துப்படுகிறது. பின்வந்தோர் இதைத் திருத்தினர். தடை மட்டுமன்று, தாங்கொணாத எதுவும் சினத்தை எழுப்பும் என்றனர்: வலி, இழிசொல், புழுக்கம். அமெரிக்க அடிபந்தாட்டக் கணக்குகளை ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார்கள். வெப்பம் கூடிய நாட்களில், எறியப்பட்ட பந்து மட்டைக்காரர் உடலைத் தாக்கும் நிகழ்ச்சிகள் மிகுந்திருந்தன. நாமோ கத்திரி வெயிலில், நண்பகலில், குடிநீர்ப் பானைகூட வைக்காமல் போட்டி நடத்துகிறோம். பிறகு "பையன்கள் முரடர்கள்" என்கிறோம்!

ஊற்றைக் கண்டோம். மருந்து? இங்கேதான் ஒரு பெரும் மூடநம்பிக்கை வழிமறித்து நிற்கிறது. இது கோயிலில் பிறந்ததன்று. படித்தவர் கூடத்திலே பிறந்தது. சினம் கொதிகலனிலுள்ள ஆவி போன்றதாம். அவ்வப்போது திறந்துவிடாவிட்டால் வெடித்துவிடுமாம். ஆகவே கத்து, குத்து, உதை, உடை, எல்லாம் அடங்கிவிடும் என்பது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லொரென்சு, 1963இல் வெளியிட்ட நூலில், மனிதனின் தாக்கும் உணர்ச்சிக்கு விளையாட்டு நல்லதொரு வடிகால் என்று எழுதினார். பெரியவர் சொன்னார் என்பதற்காக நாம் ஒப்ப வேண்டுமா? எவர் சொன்னாலும் எடை போட்டுப் பார்ப்பது அன்றோ நம் வழக்கம்?

எடை போட்டுப் பார்த்தார்கள். வடிகால் கொள்கை மெய்யானால், மோதல் விளையாட்டுகள் மிகுந்த சமுதாயத்தில் போர் குறைந்திருக்க வேண்டும். 1973இல் சைப்சு என்னும் மானிடவியலார் போர்க்குணம் மிக்க பத்துச் சமுதாயங்களையும், அமைதி நாடும் பத்துச் சமுதாயங்களையும் ஒப்பிட்டார். போர்க்குணத்தார் பத்தில் ஒன்பதில் மோதல் விளையாட்டு இருந்தது. அமைதியர் பத்தில் இரண்டில்தான் இருந்தது. போரும் முரட்டு விளையாட்டும் ஒன்றையொன்று வடிக்கவில்லை. ஒன்றோடொன்று கைகோத்து வளர்ந்தன!

2002இல் புசுமன் என்னும் உளநூல் அறிஞர் 600 மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்கள் எழுதிய கட்டுரையைக் கடுமையாக இகழ்ந்து முதலில் சினமூட்டினார். பிறகு ஒரு சாராரை, இகழ்ந்தவனை நினைத்துக்கொண்டே மணல்மூட்டை போன்ற பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு சாரார் பை எதனையும் குத்தாமல் சும்மா அமர்ந்திருந்தனர். குத்தித் தீர்த்தவர்கள் தணிந்தார்களா? இல்லை! அவர்களே மிகுதியாகச் சினந்தார்கள். சும்மா இருந்தவர்களிடமே தாக்கும் உந்துதல் குறைந்திருந்தது. சினம் கொதிகலன் ஆவியன்று. ஊத ஊத வளரும் அடுப்பு நெருப்பு. தீர்த்துக்கொள்வதாக எண்ணி நாம் பயிற்சி செய்துகொள்கிறோம்.

பயிற்சி என்றோம். அது கண் வழியாகவும் நுழையும். 1961இல் பாண்டுரா என்னும் அறிஞரும் துணைவரும் 72 சிறு குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வு புகழ்பெற்றது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதையும் உதைப்பதையும் பார்த்த குழந்தைகள், தங்கள் முறை வந்தபோது அதே அடியை அடித்தன. அதே சொல்லைச் சொல்லின. பார்க்காத குழந்தைகள் அவ்வளவு செய்யவில்லை. களத்தின் ஓரத்தில் நின்று நடுவரை ஏசும் பயிற்சியாளரே, காலை வாரிய மாணவனுக்கு மறைவிலே முதுகைத் தட்டிக் கொடுக்கும் ஆசிரியரே, உங்கள் பாடம் நன்றாகவே நடக்கிறது, பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்!

இதுவரை நாம் சொன்னதை மறுப்பவர் குறைவாக இருக்கலாம். இனி எழும் கேள்விதான் கடினமானது. நம் இளைஞர் கேட்பர்: "அடங்கு, பொறு, சினவாதே என்பது புதிய பாட்டா? காலங்காலமாக அடிபட்டவனிடம்தானே இதைப் பாடினார்கள்? இழித்தவன் இழித்துக்கொண்டே இருப்பான். இழிக்கப்பட்டவன் மூச்சைப் பிடித்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டுமா?"

நேர்மையான கேள்வி, நழுவாமல் விடை கூற வேண்டிய கேள்வி.

2006 சூலை 9ஆம் நாள், பெர்லின் நகரில் உலகக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். அல்சீரியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனாய்ப் பிறந்து பிரான்சின் தலைவராய் உயர்ந்த ஜிடேனுக்கு அது கடைசி ஆட்டம். 110ஆம் நிமிடத்தில் இத்தாலியின் மட்டராசி அவருடைய குடும்பத்தாரை இழிக்கும் சொல்லை வீசினார். ஜிடேன் திரும்பி வந்து தலையால் அவர் மார்பில் முட்டினார். சிவப்பு அட்டை, வெளியேற்றம், பிரான்சு தோற்றது. கோப்பையைக் கடந்து அவர் நடந்து சென்ற காட்சி இன்னும் உலகின் கண்ணில் நிற்கிறது. ஆனால், பலர் மறந்த செய்தி ஒன்று உண்டு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடை விதித்ததோடு நிற்கவில்லை. மட்டராசிக்கும் இரண்டு ஆட்டத் தடை விதித்தது. முட்டிய தலை மட்டுமன்று, மூட்டிய நாவும் குற்றவாளி! அதுதான் நேர்மை.

இன்னொருவரையும் நினைவுகூர்வோம். 1947இல் அமெரிக்க அடிபந்தாட்டத்தின் பெருங்குழுக்களில் நிறவேலியை உடைத்து நுழைந்த கருப்பர், சாக்கி ராபின்சன். என்ன இழித்தாலும் திருப்பித் தாக்குவதில்லை என அணியின் பொறுப்பாளரிடம் முன்பே உறுதி தந்திருந்தார். கேட்க நன்றாயிருக்கிறது; சுமந்தவருக்குத்தான் தெரியும் அதன் பாரம்! அவ்வாண்டு பிலடெல்பியா அணியினர் வாய்கூசும் வசைகளைப் பொழிந்தனர். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவருடைய அணியின் வெள்ளைத் தோழர் ஒருவர், எட்டி சுடாங்கி, எதிரணியை நோக்கிக் குரல் எழுப்பினார். பதில் பேச முடியாதவரையா பழிக்கிறீர்கள் என்று கடிந்தார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். ராபின்சனின் பொறுமை பெருமைக்குரியது. ஆனால், அந்தப் பொறுமையை அவரிடம் கேட்ட சமுதாயம் பெருமைக்குரியதன்று. இழிக்கப்பட்டவர் அடக்கம் காக்கும் அதே வேளையில், பக்கத்தில் நிற்பவர் வாய் திறக்க வேண்டும். நடுவர் கை உயர வேண்டும். சட்டம் இழித்தவரைத் தேடி வர வேண்டும். இவை இல்லாத இடத்தில் அடக்கத்தைப் போதிப்பது அறமாகாது. அடிமைத்தனத்துக்கு இட்ட அழகிய பெயராகும்.

வள்ளுவரும் வெகுளாமையைப் பற்றித் தனி அதிகாரம் வகுத்தார். அதை எங்கே தொடங்குகிறார் தெரியுமா? தன் சினம் எவரிடம் பலிக்குமோ, அந்த எளியவரிடம் அதைத் தடுத்துக்கொள்வதுதான் தடுப்பு என்னும் கருத்திலே தொடங்குகிறார். வலியவரிடம் வாய்மூடுவது யாருக்கும் இயலும்! ஆகவே, அடக்கம் முதலில் கேட்கப்பட வேண்டியது ஓங்கிய கையிடம். அடிபட்ட கன்னத்திடம் அன்று.

அப்படியானால், இழிக்கப்பட்டவர் சினக்கலாமா? சினக்கலாம், அது மனிதத்தின் அடையாளம். ஆனால், அந்தச் சினத்தை என்ன செய்வது என்பதே வினா. 1968 அக்டோபர் 16, மெக்சிகோ நகர ஒலிம்பிக். 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் வெண்கலமும் வென்ற தாமி சுமித்து, சான் கார்லோசு என்னும் கருப்பின வீரர் இருவரும் மேடையேறினர். நாட்டுப் பாடல் ஒலிக்கையில் தலை கவிழ்த்து, கருப்பு உறையணிந்த கையை மடக்கி வானோக்கி உயர்த்தினர். வெள்ளி வென்ற ஆத்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன், மனித உரிமைச் சின்னத்தை நெஞ்சில் அணிந்து உடன் நின்றார். கருப்பர் இருவரும் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆனால், அந்த இரு கைகளைப் பாருங்கள்! ஓடும்போது அவை எவரையும் தள்ளவில்லை. உயர்ந்தபோது எவரையும் அடிக்கவில்லை. ஓர் அநீதியைச் சுட்டின, இன்றளவும் சுட்டிக்கொண்டிருக்கின்றன. ஜிடேனின் சினம் ஒரு மார்பில் முட்டி முடிந்தது. இவர்கள் சினம் ஒரு நூற்றாண்டின் மனச்சான்றை முட்டியது. குறியறிந்த சினத்துக்கும் குறிதவறிய சினத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நம் திடலுக்குத் திரும்புவோம். இங்கே குறிதவறச் செய்வது எது? பெரும்பாலும் சாதி! அணிக்குத் தெருவின் பெயர். தெருவுக்குச் சாதியின் வேலி. சட்டையின் நிறத்திலே சாதியின் சாயம். பிறகு, ஒருவன் கால் இடறினால் ஒரு கூட்டத்தின் மானம் இடறியதாகக் கூச்சல். 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில்தான் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டொழியுங்கள் என்று தீர்மானித்தது. பெயரிலிருந்து அறுத்தெறிந்த வாலைப் பனியனிலே தைத்துக்கொள்வதா? இரு தெருப் பிள்ளைகளையும் கலந்து அணி அமையுங்கள். காப்பவன் அந்தத் தெரு, பாடி வருபவன் இந்தத் தெரு, கோப்பை இருவருக்கும் என்று ஆக்குங்கள். எதிரி என்று ஏச எவனும் மிஞ்சமாட்டான்!

பார்ப்பவர் பங்கும் சிறிதன்று. 1996 மார்ச் 13, கல்கத்தாவில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் அரையிறுதி. இலங்கை எடுத்த 251ஐத் துரத்திய இந்தியா 8 இலக்குகளை இழந்து 120இல் தவித்தது. கூட்டம் புட்டிகளை வீசியது. இருக்கைகளில் தீ மூட்டியது. ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1999 சனவரி 31, சென்னைச் சேப்பாக்கம். எதிரணி பாகித்தான். முதுகுவலியோடு 136 ஓட்டம் குவித்த டெண்டுல்கர் வீழ்ந்தார். அடுத்தடுத்து மற்றவரும் வீழ்ந்தனர். இந்தியா 12 ஓட்டத்தில் தோற்றது. இதயம் உடைந்த அந்த நொடியில் கூட்டம் என்ன செய்தது? எழுந்து நின்றது, கைதட்டியது! பாகித்தான் வீரர்கள் திடலைச் சுற்றி வந்து அந்த அன்பை ஏற்றனர். கல்கத்தா மக்கள் தீயவர், சென்னை மக்கள் தூயவர் என்று நாம் பிரிக்கவில்லை. நம் திடல்களிலும் கல் பறந்ததுண்டு. ஆனால், தோல்வி என்னும் அதே தடையைச் சந்தித்த மனிதக் கூட்டம் வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்கு அந்தக் கைதட்டல் சான்று. இரத்தம் கொதித்தே தீரும் என்பது பொய்!

சரி, அடக்கும் வழி என்ன? தவம் வேண்டாம், தாயத்து வேண்டாம். ஆட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது.

சடுகுடுவைப் பாருங்கள். பாடி வருபவர் மூச்சு விடாமல் பாட வேண்டும். முப்பது நொடிக்குள் தொட்டுத் திரும்ப வேண்டும். சினந்தவர் மூச்சு குறுகும், பாட்டு அறும், ஆட்டம் போகும். மூச்சை ஆள்பவரே எதிரியின் கோட்டையை ஆளலாம் என்னும் பாடம் அந்த ஆட்டத்தின் உடம்பிலேயே இருக்கிறது. இழிசொல் காதில் விழுந்தால் ஒரு நீண்ட மூச்சை மெல்ல விடுங்கள். கண்ணை அவன் முகத்திலிருந்து எடுத்து அடுத்த செயலில் வையுங்கள்: கோடு, பந்து, கால்வைப்பு. சினத்துக்கும் கைக்கும் இடையே சில நொடி இடைவெளி போதும். அறிவு ஓடிவந்து சேர்ந்துவிடும். கபடி விதியிலே பச்சை அட்டை எச்சரிக்கை. மஞ்சள் அட்டை இரண்டு நிமிடம் வெளியே இருத்தல். சிவப்பு அட்டை வெளியேற்றம். அந்த இரண்டு நிமிடம் தண்டனை மட்டுமன்று, தன்னைத் திரும்பப் பெறும் அவகாசமும் ஆகும். ஊர்ப் போட்டிகளிலும் இதைத் தவறாமல் கடைப்பிடியுங்கள்; உள்ளூர்ப் பெரியவரின் மகன் என்பதற்காக அட்டையைச் சட்டைப்பையில் ஒளிக்கவேண்டாம். நடுவர் ஓரம் சாய்ந்தால் அடங்கியவன் ஏமாளி ஆவான். அடுத்த முறை அவனும் அடங்கமாட்டான்.

ஆட்டம் முடிந்தபின், "அவன் என்ன சொன்னான் தெரியுமா" என்று நள்ளிரவு வரை அசைபோடுவதை நிறுத்துங்கள். அது பையைக் குத்திய மாணவரின் வேலை. முறையீடு உண்டா? எழுதிக் கொடுங்கள், விடாமல் வழக்காடுங்கள். நெஞ்சிலே குத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அலைச்சறுக்கு ஆடுவதையும் பார்த்து வாருங்கள். கவிழ்த்த அலையைத் திட்டிப் பயனில்லை. அடித்தால் நீர் சிதறும், அவ்வளவே. அடுத்த அலையைக் கணிப்பவரே நிற்பார். அங்கும் விதி உண்டு: அலை மடியும் முனைக்கு அண்மையில் இருப்பவருக்கே அந்த அலை; குறுக்கே பாய்ந்தால் மதிப்பெண் குறையும். வரம்பில்லாக் கடலிலேயே வரம்பு கட்டி ஆடுகிறார்கள். வரம்பு கட்டிய திடலில் நம்மால் ஆகாதா?

இறுதியாக, அந்த மாமல்லனிடமே வருவோம். தந்தையைத் தோற்கடித்த சாளுக்கியனைப் பழிதீர்க்கப் படையெடுத்து, 642ஆம் ஆண்டளவில் வாதாபியை வென்று, வாதாபி கொண்டவன் எனப் புகழ்பெற்றான். நாமும் அதை மார்தட்டிச் சொல்லி வந்தோம். பழி அத்தோடு தீர்ந்ததா? இல்லை, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். ஊரை எரித்திருக்கலாம், கையில் வாளும் நெஞ்சில் பழைய கணக்கும் இருந்தன. ஆனால் அவன், கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் திருப்பியளித்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. அவனும் மன்னன்தான், போரை விட்டுவிட்டவன் அல்லன். ஆயினும், சினம் முழுமையாகப் பலிக்கக்கூடிய இடத்தில், ஒரு நாளேனும், ஓங்கிய கையை அவன் தாழ்த்தினான்.

பகைவர் எழுதிய அந்தக் கல்லைப் பல்லவரின் ஊர் இன்றும் காத்து வைத்திருக்கிறது.

தோழர்களே! நாளை மாலை நீங்கள் திடலுக்குச் செல்வீர்கள். பிடியுங்கள், பாயுங்கள், வெல்லுங்கள். முனைப்பில் ஒரு துளியும் குறைக்க வேண்டாம். நடுவர் கைகாட்டியதும், கீழே கிடப்பவர் முதுகிலிருந்து முழங்காலை எடுத்துவிட்டுக் கையை நீட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் இழிசொல் வீசினால், அவர் உங்கள் அணியினரே ஆயினும், முதலில் நீங்கள் கண்டியுங்கள். அந்தக் கை நீளும் திடலில், அந்தக் குரல் எழும் திடலில், மாமல்லன் என்ற பட்டத்துக்கு உரியவரை நாம் கல்லிலே தேட வேண்டியதில்லை.